டிக்கி வைத்த பழைய கார்

(மீனாட்சிபுரம் தொடர்கல்வி மையத்தில் பேசிய பேச்சு)



எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிறகு எதற்குக் காரைப் பற்றிப் பேச வந்தாய் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் காரை ஓட்டுவது என் வீட்டுக்காரர். காருக்குக் கணக்கு எழுதுவது நான். 12 வருடமாக எழுதுகிறேன். இதோ, இதுதான் அந்த நோட்டு. அட்டை கிழிந்துவிட்டது. உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நம் தெருவில் இப்போது மூன்று வீட்டில் பழைய கார் வாங்கும் பேச்சு நடக்கிறது. அதனால் டீச்சர் என்னைப் பேசச் சொன்னார். நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

எங்களுக்குக் கார் ஏன் வந்தது என்று முதலில் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். ஒரு நாள் கோவிந்தாபுரம், மறுநாள் ஆனைமலை, அதற்கு மறுநாள் முதலமடை. மொபெட்டில்தான் போய்க்கொண்டிருந்தார். என் மாமியாருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டும். வாடகைக் காருக்கே கை காலியானது. 2013-ல் ஒரு பழைய கார் வாங்கினோம். 2009-ல் பதிவான வண்டி. டீசல். பின்னால் டிக்கி வைத்த சின்னக் கார். விலை 3,10,000 ரூபாய். மீட்டரில் 68,000 கிலோமீட்டர் இருந்தது.

ஏன் டிக்கி வைத்த கார்? மாமியாரின் சக்கர நாற்காலி அதில் போகும். தேங்காய் இரண்டு சாக்கு போகும். உள்ளே ஐந்து பேர் உட்காரலாம்.

இங்கே ஒரு வேடிக்கை சொல்கிறேன். இப்போது ஓடும் சின்ன டிக்கிக் கார்கள் பலவற்றைப் பாருங்கள். பின்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் குட்டையாக இருக்கும். இதற்குக் காரணம் வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். சின்னக் கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. உடனே கம்பெனிகள் டிக்கியை வெட்டத் தொடங்கின. 2008-ல் டாடா இண்டிகோ சி.எஸ். அப்படி வந்தது. மாருதி டிசையர் 2008-ல் வந்தபோது நீளமாக இருந்தது. 2012-ல் அதையும் 4 மீட்டருக்குள் சுருக்கினார்கள். ஆகவே பழைய டிக்கிக் கார் பார்க்கப் போகிறவர்கள் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஒரே பெயருள்ள காரிலேயே ஒரு வருடத்துக்கு ஒரு வருடம் இடம் மாறும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

வண்டியை எங்களுக்குக் காட்டியவர் ஒரு புரோக்கர். வண்டியின் சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார். தங்கமான மனிதர். அவர் வண்டியை நன்றாக வைத்திருந்தார். பணம் கொடுத்தோம். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் தாள், இரண்டு சாவி, இரண்டு படிவம் எல்லாம் வாங்கிக்கொண்டோம். அந்தப் படிவங்கள் 29-ம் 30-ம். வாத்தியார் அவற்றில் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருந்தது.

"பேர் மாத்தறது எப்பங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கையெழுத்துதான் இருக்குதுல்லீங்க அண்ணா. எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். தமிழ்நாட்டு நம்பர் வண்டி. கேரளாவுக்கு மாத்துனா வரி வேற கட்டோணும். எதுக்கு இப்ப அவசரம்?" என்றார் புரோக்கர்.

எங்களுக்கும் அது இனித்தது. நம் ஊரில் பாதி வண்டி டி.என். 41, பாதி வண்டி கே.எல். 70. சந்தைக்குப் பொள்ளாச்சி, தாலுகா ஆபீஸுக்குச் சித்தூர். நமக்கு எல்லை என்பது ரோட்டில் இருக்கிற ஒரு இடம். அவ்வளவுதான். வரி மிச்சம் என்று இரண்டு வருடம் அப்படியே ஓட்டினோம். இன்சூரன்ஸைக்கூட வாத்தியார் பேரிலேயே புதுப்பித்தோம்.

2015-ல் மழைக்காலம். சாயங்காலம் இருட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் கோபாலபுரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் பால் கேனோடு ஒருவர் வந்தார். மழையில் தெரியவில்லை. இடித்துவிட்டார். அந்த மனிதருக்குக் கால் எலும்பு முறிந்தது. எங்கள் வண்டி புளியமரத்தில் மோதி நின்றது. என் வீட்டுக்காரரே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீசுக்கும் சொன்னார்.

சில மாதம் கழித்து ஒரு காலை நேரம். வாசலில் வாத்தியார் நின்றார். கையில் ஒரு தாள். கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீஸ். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

"அம்மணி, நான் இந்த வண்டியை வித்து ரெண்டு வருசம் ஆச்சு. என் பேருக்கு நோட்டீஸ் வருதே?" என்றார்.

நான் அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வண்டியின் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. ஆர்.சி. புத்தகத்திலும் அவர் பெயர்தான். அவர் வண்டியை விற்றது எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், புரோக்கருக்குத் தெரியும். சர்க்கார் புத்தகத்துக்குத் தெரியாது.

வாத்தியாருக்கு அன்று காப்பி கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

நல்ல வேளை, இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது. வண்டி கைமாறினாலும் அடிபட்ட மூன்றாம் ஆளுக்கான இன்சூரன்ஸ் வண்டியோடு சேர்ந்தே போகும். மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பால்காரருக்குக் கிடைக்க வேண்டிய பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. ஆனால் நம் வண்டிக்கு ஏற்பட்ட சேதம் வேறு கணக்கு. பாலிசி நம் பேருக்கு மாறியிருந்தால்தான் அதைக் கேட்க முடியும். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை மாற்ற எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவில்லை. 41,000 ரூபாய் எங்கள் கையிலிருந்து போனது. நோட்டில் அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்காவது இதோடு போயிற்று. இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஒருவர் 2007-ல் காரை விற்றார். அந்தக் கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, அங்கிருந்து வேறொருவர் கைக்கு என்று போனது. யாரும் பேர் மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் பின்னால் வரும்போது விபத்து. ஓர் உயிர் போனது. நஷ்ட ஈட்டை யார் கொடுப்பது? 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். விற்று இரண்டு வருடம் ஆன மனிதரின் தலையில் விழுந்தது. அதைப் படித்த அன்று எனக்கு வாத்தியார் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன், விற்கிறவர்களுக்கும் சொல்கிறேன். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்தில் பதிவான வண்டி என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். சட்டத்தில் 50-வது பிரிவு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் பெயர், விலாசம், தேதி எல்லாம் எழுதிய பிறகே கையெழுத்து. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்களும் ஆர்.டி. ஆபீஸில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. உங்களிடம் வரும் வியாபாரியிடம் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நம்மைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், இங்கே பதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி. ஆபீஸிலிருந்து 28-ம் எண் படிவத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். இங்கே மிச்ச வருடங்களுக்கு வரி கட்ட வேண்டும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் ஆனது. பழைய டி.என். காரின் விலையைக் கேட்கும்போது இந்தப் பணத்தையும் கூட்டிக்கொண்டு கேளுங்கள். விலை குறைவு என்று தோன்றிய வண்டி அப்போது குறைவாக இருக்காது.

ஆர்.சி. புத்தகத்தில் ஏதாவது பேங்க் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கடன் பாக்கி இருக்கலாம். கடன் முடிந்த கடிதமும் 35-ம் எண் படிவமும் கேளுங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இது அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் வாசிக்க வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும்.

இனி வண்டியைப் பார்க்கிற விதம். இதில் எனக்குப் பாதிதான் தெரியும். மீதி மெக்கானிக்குக்குத் தெரியும். வண்டி பார்க்கப் போகும்போது உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்கிறவருடைய மெக்கானிக் வேண்டாம்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது. மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரைத் திருப்பிவைக்க முடியும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டரைப் பாருங்கள். கிளட்ச் மிதியில் உள்ள ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்து, மீட்டரில் 40,000 என்று இருந்தால் ஏதோ இடிக்கிறது. சின்ன டிக்கிக் கார்கள் பல டாக்சியாக ஓடியவை. மஞ்சள் போர்டை எடுத்து வெள்ளை போர்டு மாட்டியிருப்பார்கள். அது குற்றமில்லை. ஆனால் மறைத்து விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பாருங்கள். 2015-ல் சென்னை வெள்ளம், 2018-ல் கேரள வெள்ளம். அந்தத் தண்ணீரில் மூழ்கிய எத்தனையோ கார்கள் துடைத்துப் பளபளவென்று கைமாறின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வேண்டாம். கால் விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். எங்கள் வீட்டில் இந்த மோந்து பார்க்கிற வேலை என் மாமியாருடையது. அவர் மூக்குக்குத் தப்பியது எதுவும் இல்லை.

டயரையும் படிக்கலாம். டயரின் பக்கவாட்டில் நிறைய எழுத்து இருக்கும். அதில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர். புது டயர் போட்டிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அதை மாற்ற வேண்டும் என்பது சட்டம். நம் மழையில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

வாங்கியது போதும். வைத்துக்கொள்வதுதான் பெரிய காரியம். 12 வருடத்தில் நான் கற்றது இதுதான்: பெரிய செலவு எல்லாம் சின்னச் செலவாகத்தான் நம் வாசலுக்கு வருகிறது. நாம் அதை வாசலில் நிறுத்தி வைக்கிறோம். அது வளர்ந்து உள்ளே வருகிறது.

2017 கோடைகாலம். முதலமடையில் மாங்காய் சீசன். ரோடெல்லாம் லாரி. எங்கள் வண்டியில் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. ரேடியேட்டர் ஹோஸ் பைப்பில் ஒரு சின்ன வெடிப்பு. தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. அதற்கு முந்தின வாரமே நிறுத்திய இடத்தில் ஈரம் இருந்தது. நான் பார்த்தேன். ஏ.சி. தண்ணீர் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர், "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிவிட்டார். அந்த நாலு கிலோமீட்டரில் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. சில நூறு ரூபாய் ஹோஸுக்குப் பதிலாக 22,000 ரூபாய். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வண்டி நின்ற இடத்தைக் காலையில் பார்ப்போம். நிறமில்லாத வெறும் தண்ணீரா? சரி, ஏ.சி. தண்ணீர். பச்சையா, சிவப்பா, வழவழப்பா? வண்டியை எடுக்கக் கூடாது.

எஞ்சின் ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது வருடத்துக்கு ஒரு முறை. எது முதலில் வருகிறதோ அது. சில கார்களில் டைமிங் பெல்ட் இருக்கும், சில கார்களில் செயின் இருக்கும். உங்கள் காரில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் புத்தகத்தில் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் உள்ளே வால்வு எல்லாம் வளைந்துவிடும்.

மைலேஜ் கணக்கு எப்படிப் போடுவது என்று பலர் கேட்கிறார்கள். டேங்க் நிறைய டீசல் போடுங்கள். மீட்டரில் உள்ள எண்ணை எழுதுங்கள். அடுத்த முறையும் நிறையப் போடுங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுங்கள். எங்கள் வண்டிக்கு 19 வரும். ஒரு மாதம் 16 வந்தது. மெக்கானிக்கிடம் போனால், பின் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. நோட்டு இல்லையென்றால் எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது மொத்தக் கணக்கு. 12 வருடத்தில் 1,63,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டி விலை 3,10,000. பேர் மாற்றமும் வரியும் 34,000. இன்சூரன்ஸ் 1,02,000. சர்வீசும் ரிப்பேரும் 2,64,000. டயர் 48,000. பேட்டரி 15,000. பதிவு புதுப்பித்தது 21,000. கூட்டினால் 7,94,000 ரூபாய். இன்று விற்றால் 1,00,000 கிடைக்கும் என்கிறார்கள். அதைக் கழித்தால் 6,94,000. மாதத்துக்கு 4,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கிலோமீட்டருக்குச் சுமார் 4 ரூபாய் 25 பைசா. இதில் டீசல் சேரவில்லை. டீசல் செலவும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இதை நான் முதலில் கூட்டிப் பார்த்த இரவு, என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "டீசலுக்குத்தானே காசு போகுது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டீசலுக்கு அடிக்கடி பர்ஸைத் திறக்கிறோம், அதனால் அது கண்ணில் படுகிறது. மற்றது வருடத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை வருகிறது. அது மறந்துபோகிறது. பழைய கார் வாங்க நினைக்கிற வீட்டில், டீசல் தவிர மாதம் ஐந்தாயிரம் ரூபாய் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் இப்போது வேண்டாம். மாதம் இரண்டு தடவை மட்டும் கார் தேவைப்படுகிற வீட்டுக்கு வாடகைக் காரே மலிவு. எங்களுக்கு ஆஸ்பத்திரியும் தோப்பும் இருந்ததால் கட்டுப்படியானது.

கடைசியாகப் பதிவு புதுப்பித்தல். 15 வருடம் ஆனால் காரை உடைத்துவிடுவார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் 10 வருட டீசல் வண்டிகளுக்குத் தடை உத்தரவு வந்தது. அதைப் பற்றிய வழக்குகளும் நடந்தன. அந்தச் செய்தி இங்கே வந்து வேறு உருவம் எடுத்துவிட்டது. நம் பகுதியில் சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடத்தில் முடியும். ஆர்.டி. ஆபீஸில் வண்டியைக் காட்டி, அது தேறினால், இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏற்றினார்கள். பசுமை வரியும் உண்டு. எங்கள் வண்டியை 2024-ல் சித்தூருக்குக் கொண்டுபோனோம். அதற்கு முன் முன்விளக்கு மாற்றி, துருப்பிடித்த இடத்தில் பெயிண்ட் அடித்து, புகைச் சான்று எடுத்தோம். தேறிவிட்டது. 2029 வரை ஓடலாம்.

இந்தத் தடவை ஆர்.சி.யில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. 2015-லேயே மாற்றிவிட்டோம். மாற்றிய அன்று அதன் நகலை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு உள்ளே பார்த்து, "காப்பி கொண்டாம்மா" என்று குரல் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கேள்வி இருந்தால் கேளுங்கள். நோட்டை மேசைமேல் வைக்கிறேன், வேண்டியவர்கள் பாருங்கள். வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. போகும்போது அந்த டயரில் நாலு எண்ணைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றையும்விட மூத்தது. எது என்று கண்டுபிடித்து என்னிடம் சொல்லுங்கள்.